முதியோர் விரலும் கைப்பேசியும்

குன்னூரில் ஐப்பசி பிறந்துவிட்டால் மலையை விட்டிறங்கும் மூடுபனி கடைத்தெரு வரை வந்து நின்றுவிடும். அஸர் தொழுதுவிட்டு வெளியே வருவோருக்குப் பத்தடி தொலைவில் நிற்பவர் யாரெனப் புலப்படாது. அத்தகைய ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், பிள்ளைகள் ஓதிவிட்டுப் போன எம் மக்தபின் பின்னறையில் விளக்கேற்றி வைத்து யாம் காத்திருப்போம். சால்வையும் கம்பளிக் குல்லாவுமாக முதியோர் ஒவ்வொருவராக வந்து, சிறுவர்களுக்கென அடித்த தாழ்ந்த பலகைகளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்வர். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கைப்பேசி இருக்கும்.

“அஜரத், இதிலே சத்தமே வரமாட்டேங்குது” என்பார் ஒருவர். “பேரன் அனுப்பின படம் வட்டமாச் சுத்திக்கிட்டே இருக்குது” என்பார் மற்றொருவர். “நான் ஒண்ணும் செய்யலே, தானா என்னமோ ஆயிருச்சு” என்று குற்றவாளியைப் போல் நிற்பார் இன்னொருவர். எழுபது ஆண்டுகள் வாழ்ந்து, குடும்பத்தை ஆண்டு, கடை நடத்திக் கணக்குப் பார்த்த பெரியவர்கள், உள்ளங்கையளவு கண்ணாடியின் முன்னே பிரம்புக்கு அஞ்சும் பிள்ளைகளாகிவிடுவதைக் காண எமக்கு மனம் கசியும்.

இப்பணியை யாமாக விரும்பித் தொடங்கினோம் என்று சொல்லிக்கொள்ள இயலாது. எம்மால் ஒரு மூதாட்டிக்கு நேர்ந்த தீங்கே இதற்குக் காரணம். நம் வீடுகள்தோறும் இன்று முதியவர் ஒருவரும் அவர் கையில் கைப்பேசி ஒன்றும் இருக்கக் காண்கிறோம். எமது பிழையை எழுதி வைத்தால் அதே பிழை பிறர் இல்லத்தில் நேராமல் தடுக்கலாம் என்றெண்ணியே இதனை வரைகின்றோம்.

அவ்வம்மையார் இலங்கை மலைநாட்டில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964 ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இலட்சக்கணக்கானோரில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின்னர் நீலகிரி வந்து சேர்ந்தார். இவ்வாறு தாயகம் திரும்பியோருக்கு வேலை தரும்பொருட்டுத் தமிழக அரசு 1968 இல் இம்மலைகளில் தேயிலை பயிரிடத் தொடங்கியதும், அதுவே பின்னர் ‘டான்டீ’ என்னும் அரசுக் கழகமாக வளர்ந்ததும் இங்குள்ளோர் அறிந்த வரலாறு. அம்மையாருக்கு வேலை கிடைத்தது ஒரு தனியார் தோட்டத்தில். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றார். எம் இல்லத்திற்குக் கீழேயுள்ள சரிவில் தனித்து வாழ்ந்து வருகிறார். மகன் இறந்துவிட்டார், பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். அவர் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் பேரனின் அழைப்பை எடுப்பது ஒன்றே அம்மையாருக்குத் தெரியும்.

அவருக்கு எழுத்து தெரியாது. கப்பலேறுமுன் கொடுத்த தாள்களிலும், தோட்டத்துச் சம்பளப் பட்டியலிலும், வங்கிப் புத்தகத்திலும் அவர் வைத்ததெல்லாம் கைநாட்டே. அந்தக் கைநாட்டும் ஒருநாள் அவரைக் கைவிட்டது.

தோட்டத் தொழிலாளர் பலர் பெறுவது 1995 ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் ஓய்வூதியம். 2014 செப்டம்பரில் அதன் குறைந்த அளவு மாதம் 1000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. அம்மையாருக்கு அதற்குச் சற்றே கூடுதலாக வரும். அதைத் தொடர்ந்து பெற, தாம் உயிரோடிருப்பதாக ஆண்டுக்கொரு முறை சான்று கொடுத்தாக வேண்டும். முன்பு தாளில் கொடுத்தனர். 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ என்னும் மின்னணு உயிர்வாழ் சான்று அறிமுகமாயிற்று. அதற்குப் பெரும்பாலும் கைரேகையே கேட்டனர். ஆண்டுக்கணக்கில் தேயிலைக் கறையும் குளிர்ந்த நீரும் வெடிப்பும் கண்ட விரல்களில் ரேகை தேய்ந்துவிடுகிறது. மூப்பும் தோலைத் தளர்த்திவிடுகிறது. கருவியில் அம்மையார் கட்டைவிரலை வைப்பார், அது ஏற்காது. துடைத்துவிட்டு மீண்டும் வைப்பார், அப்போதும் ஏற்காது. கையெழுத்துக்கு மாற்றாக வாழ்நாளெல்லாம் நின்ற விரலை, உலகமே விரல் கேட்கும் காலத்தில் கருவி மறுத்துவிட்டது.

2021 நவம்பரில் வேறொரு வழி பிறந்தது. கைப்பேசியின் முன்புறக் கேமராவில் முகத்தைக் காட்டிக் கண்ணிமைத்தால், அதனை ஆதார்ப் பதிவிலுள்ள முகத்தோடு ஒப்பிட்டுச் சான்று வழங்கும் முறை அது. அதற்கு இரண்டு செயலிகள் தேவை: ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’ ஒன்று, ‘ஜீவன் பிரமாண்’ மற்றொன்று. இதனை எம் இளைய மகன் எமக்குக் கற்றுத் தந்தான். ஐம்பத்தைந்து வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுவிட்ட பெருமை எம்மைப் பிடித்துக்கொண்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

2023 நவம்பரில் ஒருநாள் மாலை அம்மையார் எம் வாயிலில் வந்து நின்றார். “அஜரத்து, நீங்க போன்லயே போட்டுத் தர்றீங்களாமே” என்றார். அமரச் சொல்லி, அவருடைய தாள்களை வாங்கி, எமது கைப்பேசியில் எமது விரலாலேயே மளமளவென்று பதிந்தோம். கைப்பேசி எண் கேட்கும் இடம் வந்தது. அவர் மடியை அவிழ்த்து, தம் எண் எழுதிய சீட்டைத் தேடினார். மஃரிபுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. “பரவாயில்லையம்மா, நம் எண்ணையே போட்டுவிடுவோம்” என்று சொல்லி எம் எண்ணைப் பதிந்தோம். பி.பி.ஓ. என்று வழங்கும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் அதே விரைவில் பதிந்தோம். அவர் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டி, கண்ணை இமைக்கச் சொன்னோம். சான்று உருவாயிற்று. அவர் கைகூப்பினார். நற்காரியம் ஒன்று செய்த நிறைவோடு பள்ளிவாசலுக்குப் போனோம்.

சான்று உருவாவது வேறு, அதனை ஓய்வூதியம் வழங்குவோர் ஏற்பது வேறு. ஏற்றார்களா, மறுத்தார்களா என்று அறிந்துகொள்ளும் இணைப்போடு ஒரு குறுஞ்செய்தி வரும். அச்செய்தி எமது கைப்பேசிக்கு வந்தது. கடன் தருவதாகவும் பரிசு விழுந்ததாகவும் வரும் செய்திக் குவியலின் நடுவே அதுவும் கிடந்தது. யாம் அதனைத் திறந்து பார்க்கவேயில்லை.

மாதங்கள் கழிந்தன. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களில் வருவோர் இ-பாஸ் பெற்றாக வேண்டுமென்று ஆயிற்று. நீலகிரியில் பதிவான வண்டிகளுக்கும் அரசுப் பேருந்தில் வருவோருக்கும் அது தேவையில்லை என்றாலும், கீழிருந்து காரில் வரும் மக்களையும் மருமக்களையும் எண்ணி மலையிலுள்ள பெரியவர்கள் கலங்கிவிட்டனர். கைப்பேசியும் கையுமாக எம்மைத் தேடி வந்தோர் பலர். அவர்களிடையே அம்மையாரும் வந்தார். “பேரன் கைக்குழந்தையோட கார்ல வர்றான், ஏதோ பாஸ் இருந்தாத்தான் விடுவாங்களாம்” என்றார்.

அதைச் செய்து கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் காதுகள் வெறுமையாக இருக்கக் கண்டோம். இலங்கையிலிருந்து வரும்போதே அணிந்து வந்ததென்று அவர் பலமுறை சொல்லிக் காட்டிய தோடுகள் அங்கே இல்லை. கேட்டோம்.

“அடகுக் கடையில இருக்குதுங்க. பென்சன் நின்னு அஞ்சு மாசமாச்சே.”

எமக்கு நாவெழவில்லை. “ஏனம்மா எம்மிடம் சொல்லவில்லை?” என்று கேட்டோம்.

“பேங்க்குல ரெண்டு தரம் போய்க் கேட்டேன். உசிரோட இருக்கிற சான்று வரலைன்னாங்க. அஜரத்து போட்டுக் கொடுத்தாச்சுன்னு நானும் சொல்லிட்டு வந்துட்டேன். நீங்க பார்த்துச் செஞ்சதுல தப்பு இருக்குமாங்க? கவர்மெண்டுதான் நிறுத்திட்டாங்கன்னு இருந்துட்டேன்.”

அவர் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவே பழைய செய்தியைத் தேடியெடுத்து இணைப்பைத் திறந்தோம், சான்று மறுக்கப்பட்டிருந்தது. ஏனென்று எமக்கு விளங்கவில்லை. மறுநாள் அம்மையாரை அழைத்து, உருவாகியிருந்த சான்றைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, அவரது பழைய ஆணைத் தாளையும் பக்கத்தில் விரித்து வைத்தோம். யாம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, அவர் விரலைத் திரையருகே கொண்டுவந்து, “இந்த ரெண்டு நம்பரும் இடம் மாறிக் கிடக்குதுங்களே” என்றார்.

திகைத்துப் போனோம். “உங்களுக்குப் படிக்கத் தெரியாதே அம்மா?” என்றோம்.

“எழுத்துதாங்க தெரியாது. நம்பர் தெரியும். கொழுந்து எடையைத் தப்பா எழுதிட்டா கூலி போயிடுமே. தினமும் ரெண்டு வேளை தராசையும் சீட்டையும் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டது.”

வாசக அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். முந்திய நவம்பரில் யாம் கைப்பேசியை அவர் கையில் கொடுத்து, “அம்மா, உங்கள் தாளிலுள்ள எண்களை நீங்களே ஒவ்வொன்றாகத் தொடுங்கள்” என்று சொல்லியிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது. கால்மணி நேரம் கூடுதலாகச் சென்றிருக்கும், அவ்வளவே. அவருக்குத் தெரியாது என்று யாமாகவே முடிவு கட்டினோம். அரபும் தமிழும் கற்ற எம் கண் பிசகிய இடத்தில், கைநாட்டு வைப்பவரின் கண் பிசகவில்லை.

சரியான எண்ணோடு, இம்முறை அவருடைய கைப்பேசி எண்ணையும் சேர்த்துப் புதிய சான்று அனுப்பினோம். சில வாரங்களில் நிலுவைத் தொகை முழுதும் வந்து சேர்ந்தது. அடகுக் கடையில் அவருக்கான இழப்பை யாம் கொடுக்க முன்வந்தபோது வாங்க மறுத்துவிட்டார். “அது கிடக்கட்டும் அஜரத்து. இதை எப்படிப் பார்க்கிறதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்திருங்க. அடுத்த வருசம் நானே போட்டுக்கிறேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பாடம் அந்தச் சொல்லிலிருந்து தொடங்கியது.

அன்றிரவு எம் உஸ்தாதை நினைத்துக்கொண்டோம். நம்மவர் வழக்கில் குர்ஆன் கற்பிப்பதை ‘ஓதிக்கொடுத்தல்’ என்கிறோம். உஸ்தாத் ஓதிக் காட்டுவார். பிறகு வாய் மூடி, எம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘ழாத்’ என்னும் எழுத்தின் மக்ரஜ் எமக்கு வாரக்கணக்கில் பிடிபடவில்லை. ஆசிரியர் எத்துணை வல்லவராயினும் மாணவனின் வாயில் தம் நாவை வைக்க இயலாதன்றோ? மாணவன் நாவே அந்த இடத்தைத் தேடிக் கண்டடைய வேண்டும். அதுவரை அவர் பொறுத்திருந்தார். ஒரு ஸபக் முற்றும் பிடிபடாமல் அடுத்ததைத் தொடவிடமாட்டார். முப்பதாண்டுகள் சிறுவர்களிடம் இம்முறையைக் கைக்கொண்ட யாம், ஒரு மூதாட்டி வந்தமர்ந்ததும் அதனை மறந்து, கருவியைப் பிடுங்கிக்கொண்டோம். வீடுகளில் நம் பிள்ளைகள் பெரியவர்களிடம் செய்வதும் இதுவே. “இங்கே கொடுங்க” என்று வாங்கி, நான்கு தட்டுத் தட்டி, “சரியாயிருச்சு” என்று நீட்டிவிடுகின்றனர். பெரியவர் எதையும் கற்கவில்லை. அடுத்த முறையும் பேரனின் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்.

ஆகவே எம் மாலைப் பாடத்திற்குச் சில ஒழுங்குகளை வகுத்தோம். உதவ வரும் பெரிய மாணவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். வாயால் மட்டும் சொல்லலாம். கருவியைத் தொடுவது முதியவரின் விரலாகவே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பாடம். மறதியைச் சுட்டிக்காட்டலாகாது; பத்தாம் முறை கேட்டாலும் முதல் முறை கேட்டதாகவே விடை சொல்ல வேண்டும். பெயர்களும் அவர்கள் வைத்த பெயர்களே. அமைப்புகளைத் திறக்கும் பற்சக்கரக் குறியை அம்மையார் ‘ஃபேக்டரிச் சக்கரம்’ என்றார். தேயிலை ஆலையில் கண்ட சக்கரம் அவருக்கு நினைவு வந்தது. இப்போது எம் அறையில் எல்லோருக்கும் அது ஃபேக்டரிச் சக்கரமே.

அருகிருந்து கவனித்தபோது, முதியோரின் குறை எனக் கருதிய பலவும் கருவியின் அமைப்பில் உள்ளவை எனக் கண்டோம். பெரியவர்கள் திரையைத் தொட்டால் விரலை உடனே எடுப்பதில்லை; அழுத்தி, ஒரு கணம் நிறுத்துவர். கருவி அதனை ‘நெடுந்தொடல்’ என்று கொண்டு வேறொரு பட்டியலைத் திறந்துவிடும். “தானா என்னமோ ஆயிருச்சு” என்ற முறையீட்டின் உட்பொருள் பெரும்பாலும் இதுவே. அமைப்புகளில் அணுகல்தன்மை என்றொரு பகுதி உண்டு. அங்கே, தொட்டு வைத்திருக்கும் நேரத்தை நீளமானதாக மாற்றினால் இத்தொல்லை பெரிதும் அடங்கும். எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதும் அருகிலேயே உண்டு.

திரை நம் விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் படுவதால் உண்டாகும் சிறு மின்மாற்றத்தையே உணர்கிறது. காய்த்து வறண்ட விரலை அது அறிய மறுப்பதும், பனித்துளி படிந்த திரை தாறுமாறாக நடப்பதும் இதனால்தான். துணியால் திரையைத் துடைத்து, விரலைச் சிறிது ஈரமாக்கித் தொட்டால் போதும். தை மாதத்தில் உதகைப் புல்வெளிகளில் உறைபனி படியும் காலையில், பாதி மின்னேற்றம் இருந்தும் கைப்பேசி அணைந்துவிடுகிறது என்று வருவோர் உண்டு. கடுங்குளிரில் அதன் மின்கலம் ஆற்றலை முழுதாகத் தருவதில்லை. ஸ்வெட்டரின் உட்பையில் வைத்துச் சூடு பட்டபின் இயக்கினால் மீளும். அலைத்தொடர்பு கிடைக்காததும் பலவேளை கருவியின் பழுதன்று; கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு குன்று நிற்கும். பத்தடி மேலேறிப் பேசுவதே அதற்கு மருந்து.

சத்தம் வராததற்குப் பையினுள் விசை அழுந்தியிருப்பது காரணம். அழைப்பே வராததற்கு விமானக் குறி தொடப்பட்டிருப்பது காரணம். ‘இடமில்லை’ என்று கருவி முறையிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வாழ்த்துப் படங்கள். ஒரு ஹாஜியாரின் கைப்பேசியில் ‘ஜும்ஆ முபாரக்’ படங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேலிருந்தன. “வாழ்த்தை அழிக்கிறது பாவமில்லையா அஜரத்?” என்று அவர் உண்மையாகவே வருந்திக் கேட்டார். வாழ்த்து அவர் உள்ளத்தில் சேர்ந்துவிட்டதென்றும், படம் போனால் குற்றமில்லை என்றும் சொல்லி ஆற்றினோம். படங்கள் தாமாக இறங்குவதை நிறுத்தவும் அவர் விரலாலேயே கற்றார்.

எம் தாயாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் பிறந்த அவருக்கு வயது எண்பதுக்கு மேல். தமிழெழுத்துகளைக் கூட்டிக் கூட்டியே படிப்பார். அரபுத்தமிழ் என்றால் தங்குதடையின்றி ஓடும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியார்கள் அரபுத்தமிழில் ஆக்கித் தந்த நூல்களைக் கொண்டே அக்காலப் பெண்மக்கள் வீட்டிலிருந்தபடி மார்க்கம் கற்றனர். எம் தாயாரும் அவர் தங்கையும் இளமையில் எழுதிக்கொண்ட கடிதங்கள் யாவும் அவ்வெழுத்தில்தான். கைப்பேசியில் அரபு விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தோம். தேடிப் பார்த்துவிட்டு, “நம்ம எழுத்து இதுலே இல்லையே வாப்பா” என்றார். ஆம், தமிழின் டகரத்துக்கும் ஙகரத்துக்கும் ஞகரத்துக்கும் நம் முன்னோர் புள்ளியிட்டு ஆக்கிய எழுத்துகள் அதில் இல்லை. அவர் முகம் வாடிவிட்டது.

வாட்ஸ்அப்பில் 2013 முதல் குரல் செய்தி உண்டு. ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பிடித்துப் பேசிவிட்டு, விரலை எடுத்தால் செய்தி போய்ச் சேரும். நெடுந்தொடல் பெரியவர்களுக்கு இயல்பாதலால் இது அவருக்கு உடனே கைவந்தது. இப்போது ஒவ்வொரு காலையும் குன்னூருக்கும் காயல்பட்டினத்துக்கும் இடையே இரு சகோதரிகளின் குரல்கள் போய் வருகின்றன. கற்ற பாடங்களைத் தாயார் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்; எல்லாம் அரபுத்தமிழில். வாட்ஸ்அப் பற்றி அரபுத்தமிழில் எழுதப்பட்ட ஏடு இவ்வுலகில் எம் வீட்டில் மட்டுமே இருக்கும் போலும்! நினைவு தவறும்போது அதை விரித்துப் பார்த்துக்கொள்கிறார், எம்மைக் கேட்பதில்லை. வந்து சேரும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் குறிப்பேடு ஒன்றை யாம் கட்டாயமாக்கியது அவரைப் பார்த்தே. எழுத்து அறியாதோர் குறிகளை வரைந்துகொள்கின்றனர்.

புனித யாத்திரையும் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஹஜ்ஜுக்குச் செல்வோருக்கென ‘ஹஜ் சுவிதா’ செயலியைச் சிறுபான்மையினர் விவகார அமைச்சகம் 2024 இல் வெளியிட்டது. மதீனாவில் ரவ்ழா ஷரீஃபில் தொழுவதற்கான அனுமதி ‘நுசுக்’ செயலி வழியே பதிவாகிறது. ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட முதிய தம்பதியர்க்கு அவர்கள் மகன் இரண்டையும் தன் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் பெற்றோர் என் செய்வர் என்று கேட்டோம். மகன் சற்று யோசித்துவிட்டு, இருவரையும் அழைத்துக்கொண்டு மறு ஞாயிறு வந்தார். மூன்று வாரம் பயின்றபின் அந்த அம்மையார் கணவருக்கே கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. முதியவர் தம் கைப்பேசியையும் இரகசிய எண்ணையும் நம் கையில் தரும்போது அஃது ஓர் அமானத். ஓதத் தெரிந்தவர், உறவினர் என்பதற்காக எவரும் பிறருடைய இரகசிய எண்ணை அறிந்து வைத்திருக்கலாகாது. எம் அறையில் அந்த எண்ணைப் பதியும்போது அருகிருப்போர் அனைவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வர். எமக்கும் அதில் விலக்கில்லை. வஞ்சகர்கள் குறிவைப்பது முதியோரையே. உயிர்வாழ் சான்றைப் புதுப்பித்துத் தருவதாகக் கூறி ஓ.டி.பி. கேட்போர் உண்டு. திருமண அழைப்பு என்ற பெயரில் கோப்பனுப்பிக் கைப்பேசியைக் கைப்பற்றுவோர் உண்டு. காவல் அதிகாரி வேடமிட்டு வீடியோவில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுவோரும் உண்டு; அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, அனுப்புவதற்கே தேவை என்பதை எல்லோரும் மனனம் செய்கின்றனர். ஏமாந்துவிட்டால் நாணி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து சொன்னால் பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு. முதியவர் மறைப்பது பெரும்பாலும் பிள்ளைகளின் ஏச்சுக்கு அஞ்சியே. “உங்களை யார் இதைத் தொடச் சொன்னது?” என்று ஒருமுறை நாம் சீறிவிட்டால், அடுத்த முறை உண்மையான ஆபத்து வரும்போதும் அவர் வாய் திறக்கமாட்டார்.

2025 மே மாதத்தில் அம்மையார் மீண்டும் வந்தார். சான்று கொடுக்கும் நாள் அவருக்கு நினைவிருந்தது. தம் குறிப்பேட்டில் ஒரு கண் வரைந்து வைத்திருந்தார். மேகம் சூழ்ந்த மாலையாதலால் வெளிச்சம் போதவில்லை. தாமே எழுந்து சன்னலருகே போய் நின்றுகொண்டார். யாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். தெரியாத சொற்களை மட்டும் படித்துச் சொன்னோம். ஆணைத் தாளிலிருந்து ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தொட்டார். ஓரிடத்தில் பிசகிற்று, யாம் வாய் திறக்குமுன்னரே தாமே அழித்துத் திருத்தினார். கைப்பேசியை முகத்துக்கு நேரே உயர்த்திக் கண்ணிமைத்தார். முதன்முறை ஏற்கவில்லை; முக்காட்டைச் சற்றே பின்னுக்குத் தள்ளி மறுமுறை இமைத்தார். ஏற்றது. அரைமணி நேரத்துக்கு மேல் சென்றது. மஃரிபு பாங்கு ஒலிக்கத் தொடங்கியபோது அவருடைய கைப்பேசியிலேயே குறுஞ்செய்தி வந்து விழுந்தது.

“இது என் போனுக்குத்தானே வந்திருக்கு?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். பின்னர், “நாலு நாள் கழிச்சு வர்றேன் அஜரத்து. ஏத்துக்கிட்டாங்களான்னு திறந்து பார்க்கணும்ல? நானே திறக்கிறேன், நீங்க படிச்சு மட்டும் சொல்லுங்க” என்றார். யாம் பார்க்கத் தவறியதை அவர் மறக்கவில்லை. எம்மைக் குத்திக் காட்டவும் இல்லை. அவர் தலை திருப்பியபோது விளக்கொளியில் காதிலிருந்த தோடுகள் தெரிந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

இதனைப் படிக்கும் குடும்பத்தார்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தால், அதை வாங்காதீர்கள். பக்கத்தில் அமருங்கள். அவர் விரல் தேடட்டும். நமக்கு நடை பழகிக் கொடுத்தபோது அவர்கள் நம்மைத் தூக்கிக்கொண்டே திரியவில்லை. விழுந்தெழும் வரை அருகில் நின்றார்கள். அந்தப் பொறுமையில் ஒரு பங்கையேனும் அவர்களுக்குத் திருப்பிச் செலுத்த எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.